பேரரசி கீசெலாவின் முன்னோர் வரிசை: இடைக்கால ஜெர்மன் பிரபுகுலப் பெண் ஒருவரின் வம்சத்தை நிறுவும் முறை

ஸ்வாபியாவின் கீசெலா 1043 பிப்ரவரி 15 அன்று கோஸ்லாரில் இறந்தார். உடல் ஷ்பையர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மூன்று முறை மணம் முடித்தவர். மூன்றாம் கணவர் சாலியர் குலத்துப் பேரரசர் இரண்டாம் கொன்ராட், மகன் பேரரசர் மூன்றாம் ஹென்றி. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் பிராங்கியப் பேரரசர் சார்லமேன் வரை ஏறும் வம்ச மரம் நொடியில் வந்து நிற்கும். அதில் எந்தக் கிளைக்குச் சான்று உண்டு, எது ஊகம் என்பதை மட்டும் அந்த மரம் சொல்லாது. அதைப் பிரித்தறியும் வேலையைக் கீழே படிப்படியாகத் தருகிறோம். கீசெலாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவருடைய வம்சத்தில் உறுதியான கிளை, தகராறில் இருக்கும் கிளை, கல்லறையிலேயே தவறாகப் பொறிக்கப்பட்ட தேதி என எல்லாமே இருக்கின்றன.

தேடத் தொடங்குமுன் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. 10, 11ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் தாய்வழியை யாரும் ஆர்வத்துக்காக எழுதி வைக்கவில்லை. திருமணம் செல்லாது என்று யாராவது எதிர்த்தபோது, அல்லது ஒரு நாடு யாருக்குச் சேரும் என்று சண்டை வந்தபோது எழுதினார்கள். அதனால் சான்றைப் புகழ்ப்பாக்களில் தேடுவதைவிட வழக்குகளில் தேடுவது பலன் தரும்.

முதல் படி: எண்ணிட்ட கட்டம்

ஒரு தாளில் கெக்குலே முறையில் கட்டம் போடுங்கள். ஆராயப்படுபவர் 1. எவருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். ஆகவே கீசெலா 1, தந்தை 2, தாய் 3, தந்தைவழிப் பாட்டனார் 4, பாட்டி 5, தாய்வழிப் பாட்டனார் 6, பாட்டி 7. ஐந்து தலைமுறைக்கு 31 கட்டங்கள் வரும்.

நிரப்பத் தொடங்கினால் இப்படி அமையும்:

2 – ஸ்வாபியாவின் கோமகன் (டியூக்) இரண்டாம் ஹெர்மன், இறப்பு 1003
3 – பர்கண்டியின் கெர்பெர்கா
4 – ஸ்வாபியாவின் கோமகன் கொன்ராட், இறப்பு 997
6 – பர்கண்டி அரசர் கொன்ராட், இறப்பு 993
7 – மாத்தில்டா, மேற்கு பிராங்கிய அரசரின் மகள்
12 – பர்கண்டி அரசர் இரண்டாம் ருடால்ஃப், இறப்பு 937
13 – பெர்த்தா, ஸ்வாபியாவின் கோமகன் இரண்டாம் புர்ஹார்டின் மகள்
14 – மேற்கு பிராங்கிய அரசர் நான்காம் லூயி, இறப்பு 954
15 – சாக்சனியின் கெர்பெர்கா, பேரரசர் முதலாம் ஓட்டோவின் சகோதரி
28 – எளிய சார்லஸ் என்று அழைக்கப்படும் அரசர், இறப்பு 929
29 – ஈட்கிஃபு, இங்கிலாந்து அரசர் மூத்த எட்வர்டின் மகள்
30 – கிழக்கு பிராங்கிய அரசர் முதலாம் ஹென்றி, இறப்பு 936
31 – அவர் மனைவி மாத்தில்டா

தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். 24 முதல் 31 வரையுள்ள தாய்வழிக் கட்டங்கள் எட்டுக்கும் பெயர் கிடைக்கும். 16 முதல் 23 வரையுள்ள தந்தைவழிக் கட்டங்களில் உறுதியாக எழுதக்கூடிய பெயர் கிட்டத்தட்ட இல்லை. பெண் வழிதான் மறைந்துபோகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே கோமகனாக இருந்த தந்தையின் பக்கம்தான் இருட்டாக இருக்கிறது. காரணம் எளிது. தாயின் பக்கம் அரச குடும்பங்கள், அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள்.

பெயர்களில் ஏமாறாதீர்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே அன்று இல்லை. ‘கொன்ராடினர்’, ‘சாலியர்’, ‘புருனோனியர்’ என்று பிரிப்பது பிற்கால வசதி. ‘இரண்டாம் ஹெர்மன்’ என்ற எண்ணும் அப்படித்தான். மூல ஆவணத்தில் வெறும் ‘ஹெர்மன் கோமகன்’ என்றுதான் இருக்கும். இங்கே ‘பர்கண்டி’ என்பது ஜெனீவா ஏரியையும் ரோன் ஆற்றையும் சார்ந்த தனி அரசு, பிரெஞ்சு அரசருக்குக் கீழிருந்த பர்கண்டிக் கோமகனாட்சி அல்ல. இதைக் குழப்பிய வம்ச மரங்கள் ஏராளம்.

இரண்டாம் படி: ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு அட்டை

ஆளுக்கு ஒரு அட்டை எழுதுவது பழக்கமான தவறு. பெற்றோர்–பிள்ளை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். அதில் நான்கு செய்திகள் போதும்: எந்த ஆவணம் சொல்கிறது, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, எழுதியவருக்கு அதில் என்ன அக்கறை, உறவைக் குறிக்க அவர் பயன்படுத்திய லத்தீன் சொல் எது. மூன்று தரம் போடுங்கள். சமகால ஆவணம் நேரடியாகச் சொன்னால் முதல் தரம். அடுத்த தலைமுறைக்காரர் சொன்னால் இரண்டாம் தரம். நூறாண்டு கழித்து எழுதப்பட்டதும், பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஊகித்ததும் மூன்றாம் தரம். மூன்றாம் தர இணைப்பை மரத்தில் புள்ளிக் கோட்டால் மட்டுமே வரையுங்கள்.

மூல நூல்களுக்கு இரண்டு இடங்கள் போதும். 1819இல் தொடங்கிய மோனுமென்டா ஜெர்மானியே ஹிஸ்டோரிகா வரலாற்று நூல்கள், அரசு ஆவணங்கள், நினைவுப் பட்டியல்கள் ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பதிப்பித்திருக்கிறது. பெரும்பகுதி இணையத்தில் இலவசம். ரெகெஸ்தா இம்பெரீயில் அரசர்களின் ஒவ்வொரு செயலும் தேதி வாரியாகச் சுருக்கப்பட்டு, அதற்குரிய மூலம் சுட்டப்பட்டிருக்கும். முதலில் இரண்டாவதில் தேதியைப் பிடித்து, பிறகு முதலாவதில் மூலத்தைப் படிப்பது வேகமான வழி.

உறவுச் சொற்களை மொழிபெயர்ப்பில் படிக்காதீர்கள். லத்தீனில் தாய்மாமனுக்கு அவுங்குலுஸ், தந்தையின் உடன்பிறந்தாருக்குப் பத்ருஊஸ், அத்தைக்கு அமிதா, சித்தி பெரியம்மாவுக்கு மாதெர்தெரா எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கில நூலில் எல்லாம் ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ ஆகி, தாய்வழியா தந்தைவழியா என்ற செய்தியே காணாமல் போய்விடும். இதற்கு நேர்மாறான சிக்கல் ‘நெப்திஸ்’. பேத்தி, மருமகள் முறை, ஒன்றுவிட்ட உறவுப்பெண் ஆகிய எல்லோருக்கும் அது பொருந்தும். அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஒரு தலைமுறையை நிறுவ முடியாது.

மூன்றாம் படி: முதன்மையான இணைப்பைச் சோதிப்பது

கீசெலாவுக்கு சார்லமேன் வழி கிடைப்பது 3க்கும் 7க்கும் இடையிலுள்ள ஒரே கண்ணியில்தான் தொங்குகிறது. பர்கண்டி அரசர் கொன்ராடுக்கு இரண்டு மனைவியர். மாத்தில்டா இரண்டாமவர். கெர்பெர்கா முதல் மனைவியின் மகள் என்றால் நான்காம் லூயி, எளிய சார்லஸ் எல்லோரும் கட்டத்திலிருந்து நீங்கிவிடுவார்கள். இது வெறும் கற்பனை ஐயம் அல்ல: பேரரசர் இரண்டாம் ஹென்றியின் தாயும் இதே அரசரின் மகள்தான், அவர் பெயரும் கீசெலாதான். அவரை முதல் மனைவியின் மகள் என்றுதான் ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள்.

கெர்பெர்கா மாத்தில்டாவின் மகள்தான் என்பதற்கு மிக நல்ல சான்று 1043இல் எழுந்த ஒரு திருமணத் தகராறில் இருக்கிறது. அந்த ஆண்டு மூன்றாம் ஹென்றி புவாத்துவின் ஆக்னஸை மணக்கவிருந்தார். கோர்ஸ் மடத்தலைவர் சீக்ஃப்ரீட் இது நெருங்கிய இரத்த உறவு என்று பதறி, ஸ்தாவ்லோ மடத்தலைவர் பொப்போவுக்குக் கடிதம் எழுதினார். அவர் கணக்கு இது: சாக்சனியின் கெர்பெர்காவுக்கு மாத்தில்டா, அல்பெராடா என்று இரண்டு மகள்கள். மாத்தில்டாவின் மகள் கெர்பெர்கா, அவர் மகள் கீசெலா, அவர் மகன் ஹென்றி. அல்பெராடாவின் மகள் எர்மென்ட்ரூட், அவர் மகள் ஆக்னஸ், அவர் மகள் மணப்பெண் ஆக்னஸ். இரு பக்கமும் நான்கு நான்கு படி.

கீசெலா இறந்த அதே ஆண்டில், அவர் மகனின் திருமணத்தைத் தடுக்க முயன்றவர் எழுதியது இது. அரச குடும்பத்தைப் புகழ்வதில் அவருக்கு லாபமில்லை. தவறான பெயரைச் சொல்லியிருந்தால் அரசவை ஒரே வரியில் மறுத்திருக்கும். வம்ச ஆய்வில் எதிர்ப்பாளரின் சாட்சியம் எப்போதும் கனமானது. திருமணம் 1043 நவம்பரில் நடந்தே தீர்ந்தது என்பது வேறு கதை.

இதோடு 1003இல் தீடன்ஹோஃபனில், அதாவது இன்றைய பிரான்சின் தியோன்வில்லில், நடந்த திருச்சபை மன்றத்தையும் சேருங்கள். கீசெலாவின் சகோதரி மாத்தில்டா, பின்னர் கரிந்தியாவின் கோமகனான கொன்ராடை மணந்திருந்தார். இரண்டாம் ஹென்றி அந்தத் திருமணம் இரத்த உறவுக்குள் நடந்தது என்று அங்கே தாக்கினார். அரசருக்கு வேதநெறியில் எவ்வளவு அக்கறை, எதிரிக் குடும்பங்கள் இரண்டு இணைவதில் எவ்வளவு அச்சம் என்பது தனிக் கேள்வி. நமக்கு வேண்டியது, அந்த வாதம் நிற்க மணமகளின் தாய் கெர்பெர்கா முதலாம் ஹென்றியின் வழித்தோன்றலாக இருந்தே ஆக வேண்டும் என்பது. மாத்தில்டா வழியாக மட்டுமே அப்படி ஆக முடியும்.

மூன்றாவதாக, பேரரசர் இரண்டாம் கொன்ராடின் அரண்மனைக் குரு விப்போ, கீசெலாவின் தந்தை ஹெர்மன், தாய் கெர்பெர்கா, தாயின் பெற்றோர் சார்லமேன் குலத்தவர் என்று எழுதுகிறார். மூன்றும் ஒன்றையொன்று நகலெடுத்தவை அல்ல. 3–7 அட்டைக்கு முதல் தரம் போடலாம்.

இனி ஏறிப் பாருங்கள்: 7, 14, 28, பிறகு 56 திக்குவாய் லூயி, 112 வழுக்கைத்தலை சார்லஸ், 224 பக்திமான் லூயி, 448 சார்லமேன். கெக்குலே எண்ணில் 256 முதல் 511 வரை ஒன்பதாம் தலைமுறை. ஆக சார்லமேனை ஒன்று என்று வைத்து இறங்கினால் கீசெலா ஒன்பதாவது ஆள். விப்போ எடுத்துத் தரும் செய்யுளோ பத்தும் நான்கும் கூட்டி, பதினான்காவதாகக் கீசெலாவை நிறுத்துகிறது. எந்த வழியில் எண்ணினாலும் நம் கட்டத்தில் பதினான்கு வராது. செய்யுளுக்காக ஐந்து முன்னோரைப் புதிதாகத் திணிக்க வேண்டாம். உறவு உண்டு என்பதற்கு விப்போ நல்ல சாட்சி, எத்தனை படி என்பதற்கு மோசமான சாட்சி என்று அட்டையில் எழுதிவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: தேதிகள்

நினைவுப் பட்டியல்களில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. இறந்தவருக்காக ஆண்டுதோறும் வேண்டுவதற்காக எழுதியவை என்பதால் நாள் மட்டும் இருக்கும். அதுவும் ரோமானியக் கணக்கில். அதில் கலெண்ட்ஸ் என்றால் மாதத்தின் முதல் நாள். ‘மார்ச் கலெண்ட்ஸுக்கு 15’ என்று இருந்தால், மார்ச் 1ஐயும் சேர்த்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். சாதாரண ஆண்டில் 30இல் 15 கழித்தால் பிப்ரவரி 15. மார்ச் 1ஐச் சேர்க்காமல் எண்ணுவதால்தான் பல மரங்களில் ஒருநாள் பிசகு. கிறிஸ்துமஸ் அன்று ஆண்டு மாறும் வழக்கம் இருந்ததால், டிசம்பர் 25 முதல் 31 வரை வரும் தேதிக்கு நம் கணக்கில் ஓர் ஆண்டு குறைக்க வேண்டும். ஆண்டைச் சரிபார்க்க, பதினைந்து ஆண்டுச் சுழற்சியில் அந்த ஆண்டின் இடத்தைக் காட்டும் இண்டிக்ஷன் எண் உதவும்: ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி இல்லையென்றால் 15. 1043க்கு 11 வரும். செப்டம்பரிலேயே இண்டிக்ஷனை மாற்றிவிடும் எழுத்தர்களும் உண்டு; ஆண்டின் கடைசி மாதங்களில் ஒன்று கூடுதலாக இருந்தால் பிழை என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

இப்போது கல்லறைத் தகடு. 1900இல் ஷ்பையர் பேராலயக் கல்லறைகளைத் திறந்தபோது கீசெலாவோடு ஓர் ஈயத் தகடு கிடைத்தது. இறந்த தேதி அதில் சரி. பிறந்த ஆண்டு 999 என்று இருக்கிறது. கல்லறைக்குள்ளேயே கிடைத்த சமகாலப் பொறிப்பு. இதைவிட நல்ல சான்று ஏது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கீசெலாவின் சகோதரன் மூன்றாம் ஹெர்மன் 1012இல் வாரிசின்றி இறந்தான். ஸ்வாபியா கீசெலாவின் கணவர் பாபென்பெர்க் எர்ன்ஸ்ட்டுக்குப் போனது. அவர் 1015 மே 31 அன்று வேட்டையில் இறந்தார். மூன்றாம் ஹென்றி பிறந்தது 1017 அக்டோபர் 28. கொன்ராடோடு திருமணம் 1017 தொடக்கத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இன்னொரு கணவரான பிரவுன்ஷ்வைக் புருனோவையும், அவருக்குப் பிறந்த லியுடோல்ஃபையும் எங்கே வைப்பது? 1015க்கும் 1017க்கும் நடுவே ஒரு திருமணம், ஒரு குழந்தை, ஒரு சாவு, மீண்டும் ஒரு திருமணம் என்று அடைக்க இடமில்லை. ஆகவே புருனோதான் முதல் கணவர், 1012க்கு முன். 999இல் பிறந்திருந்தால் கீசெலா பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை பெற்று, விதவையாகி, மறுமணமும் செய்திருக்க வேண்டும். நடக்காத காரியம். பழைய நூல்கள் சில எர்ன்ஸ்ட்டை முதல் கணவராக வைத்ததும் இந்தத் தகட்டைக் காப்பாற்றத்தான். தகட்டைக் கைவிட்டால் எல்லாம் சரியாக அமர்கிறது. 989 அல்லது 990 என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் ஆண்டு.

எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். உறுதியான தேதிகளை மட்டும் ஒரு கோட்டில் வரிசைப்படுத்தி, முதல் குழந்தைக்கு 15 வயதுக்குக் குறைவோ கடைசிக் குழந்தைக்கு 45க்கு மேலோ வந்தால் ஏதோ ஓர் இணைப்பை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரத்த உறவுப் படிகளை எண்ணுவது

கீசெலாவும் கணவர் கொன்ராடும் உறவினர்கள். பொது முன்னோர் முதலாம் ஹென்றி. ஒரு பக்கம் சாக்சனியின் கெர்பெர்கா, மாத்தில்டா, கெர்பெர்கா, கீசெலா என்று நான்கு படி. மறுபக்கம் முதலாம் ஓட்டோ, லியுட்கார்ட், வோர்ம்ஸின் ஓட்டோ, ஹென்றி, கொன்ராட் என்று ஐந்து படி. இதை 4:5 என்று எழுத வேண்டும். திருச்சபைக் கணக்கில் பொது முன்னோரிடமிருந்து ஒரு பக்கமாக இறங்குவார்கள், ரோமானியச் சட்டத்தில் இரு பக்கத்தையும் கூட்டுவார்கள். ரோமானிய முறையில் இதே உறவு ஒன்பதாம் படி. எந்த முறை என்று குறிக்காத எண்ணால் பயனில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் நான்கு படியாகக் குறைக்கும்வரை ஏழு படி வரை தடை இருந்தது. சமகாலத்தவரான மெர்ஸபுர்க் ஆயர் தீட்மார் இந்தத் திருமணத்தைக் கண்டித்திருக்கிறார்.

1024இல் மைன்ஸ் பேராயர் அரிபோ, கொன்ராடுக்கு முடிசூட்டிவிட்டுக் கீசெலாவுக்கு மறுத்தார். செப்டம்பர் 21 அன்று கோல்ன் பேராயர் பில்கிரிம்தான் அவருக்கு முடிசூட்டினார். மறுப்புக்கு இரத்த உறவே காரணம் என்று பல நூல்கள் அடித்துச் சொல்கின்றன. காரணம் இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது. ஆகவே மறுப்பை உறவுக்குச் சான்றாக அட்டையில் ஏற்றாதீர்கள்.

ஆறாம் படி: தந்தைவழியில் எங்கே நிறுத்துவது

2க்கும் 4க்கும் இடையில் பெரிய சிக்கலில்லை. 4ஐத் தாண்டியதும் தொடங்கும். கோமகன் கொன்ராட் கொன்ராடினர் குலம் என்பது ஏற்கப்பட்டது. அவருடைய பெற்றோர் யார், மனைவி யார் என்பதில் ஆய்வாளர்கள் மோதுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் வெல்ஃப் குல வரலாறு, ஓனிங்கனின் கூனோ என்ற ஒருவரையும், பேரரசர் ஓட்டோவின் மகள் என்று ரிஹ்லிண்ட் என்ற மனைவியையும் குறிப்பிடுகிறது. ஓனிங்கன் மடத்துக்கு 965 என்று தேதியிட்ட நிறுவன ஆவணமும் உண்டு, அது போலி. 1980இல் ஆர்மின் வோல்ஃப், இந்தக் கூனோவும் நம் கோமகன் கொன்ராடும் ஒருவரே என்று வாதிட்டார். எடுவார்ட் ஹ்லாவிட்ஷ்கா கடுமையாக மறுத்தார். ஒப்புக்கொண்டால் கட்டம் 5இல் ரிஹ்லிண்ட் வருவார், கீசெலாவுக்குத் தந்தை வழியாகவும் ஓட்டோ குல இரத்தம் கிடைக்கும். மறுத்தால் 5 காலி.

எங்கள் பரிந்துரை: 5ஐக் காலியாக விடுங்கள், ஓரத்தில் பென்சிலால் ‘ரிஹ்லிண்ட்?’ என்று எழுதுங்கள். நூறாண்டுக்கு மேல் பிந்திய குலப்பெருமை நூலும் ஒரு போலி ஆவணமும் சேர்ந்து முதல் தரமாகிவிடாது. ஆனால் கருதுகோளை அழித்துவிடவும் வேண்டாம். ஸ்வாபியாவின் வாரிசுரிமைப் போட்டியை அது சுவையாக விளக்குகிறது.

இங்கேதான் பெயர் வழிமரபைப் பயன்படுத்தும் ஆசை வரும். கெர்பெர்கா என்ற பெயர் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது, மாத்தில்டா முதலாம் ஹென்றியின் மனைவியிடமிருந்து இறங்கி வருகிறது. நிறுவப்பட்ட வம்சத்தில் இதைப் பார்ப்பது அழகு, நிறுவப்படாத இடத்தில் ஆபத்து. கொன்ராட், ஹெர்மன் என்ற பெயர்கள் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. கீசெலாவைச் சுற்றியே பாட்டி, சகோதரி, மகள் என மூன்று மாத்தில்டாக்கள். கரிந்தியாவின் அடல்பெரோவை மணந்த பெயாட்ரிக்ஸ் வேறு, கீசெலாவின் மகள் பெயாட்ரிக்ஸ் வேறு, க்வெட்லின்புர்க் மடத்தலைவியாக இருந்து 1061இல் இறந்த பேத்தி பெயாட்ரிக்ஸ் வேறு. இந்த மூவரையும் ஒருவராக்கிய மரம் கண்ணில் பட்டால், அதன் மற்றப் பக்கங்களையும் நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: பக்கக் கிளையும் கீழ்க் கிளையும்

மேலே ஏறுவதோடு நிறுத்தினால் நல்ல சான்றுகளை இழப்பீர்கள். தாயின் சகோதரர் மூன்றாம் ருடால்ஃப் 1032இல் வாரிசின்றி இறந்தபோது பர்கண்டி யாருக்கு என்ற போட்டி வெடித்தது. கீசெலாவின் கணவர் கொன்ராட் 1033 பிப்ரவரி 2 அன்று பேயெர்னில் முடிசூடிக்கொண்டார். எதிரி, புளுவாவின் இரண்டாம் ஓடோ, கெர்பெர்காவின் சகோதரி பெர்த்தாவின் மகன். அந்தப் போட்டியைப் பதிவு செய்த நூல்கள் இருவரின் உறவையும் சொல்லியாக வேண்டியிருந்தது. அவற்றைப் படித்தால் 6, 7ஆம் கட்டங்களுக்கு மேலும் சாட்சியம் சேரும்.

கீழ்க் கிளையில் இரண்டு கோடுகளை முழுதாக வரையுங்கள். ஒன்று: கீசெலா, மூன்றாம் ஹென்றி, நான்காம் ஹென்றி, ஆக்னஸ், ஸ்வாபியாவின் இரண்டாம் பிரெடரிக், பேரரசர் பார்பரோசா. மற்றது: கீசெலா, முதல் கணவரின் மகன் லியுடோல்ஃப், முதலாம் எக்பெர்ட், கெர்ட்ரூட், பேரரசி ரிஹென்சா, அவர் மகள் கெர்ட்ரூட், சாக்சனியின் கோமகன் சிங்க ஹென்றி. ஒன்று ஐந்து படி, மற்றது ஆறு படி. 1180இல் பார்பரோசா சிங்க ஹென்றியின் கோமகனாட்சிகளைப் பறித்தார். பார்பரோசாவின் தாய்வழியில் நெருங்கிய உறவினர்களான அந்த இருவரும் கீசெலா வழியாகவும் உறவினர்கள். பல அச்சு மரங்களில் இரண்டாவது கோடு விடுபட்டிருக்கும். புருனோவை வெறும் அடிக்குறிப்பாக நடத்துவதன் விளைவு அது.